அப்புத்தளை நடைபாதைகள்: எல்லவுக்குப் போகிற வழியிலேயே இறங்கிவிடுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குப் புறப்படுகிற வான்கள் எல்லாம் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. நுவரெலியாவில் கிரகரி வாவி, ஹக்கலைப் பூந்தோட்டம், சீதாஎலியவில் ஒரு கும்பிடு, அடுத்த நாள் எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் குடும்பமாக நின்று படம், பிறகு இரவிரவாக ஏ9 வீதியில் தூங்கி விழுந்துகொண்டு வீடு. குற்றம் சொல்லவில்லை, பிள்ளை குட்டியோடு போனால் அப்படித்தான் முடியும். ஆனால் நடக்கக்கூடிய கால் உள்ளவர்கள், நாலு பேராகச் சேர்ந்து போகிறவர்கள், எல்லவரை போகாமல் அப்புத்தளையிலேயே இறங்கிவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அங்கேயுள்ள பாதைகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதியது ஏராளம், எங்கள் ஆட்கள் எழுதியது குறைவு. அவர்களுக்கு வரைபடம் வேண்டும், எங்களுக்கு வாய் போதும். அந்த மலை முழுக்கத் தமிழ் பேசுகிற சனம். எந்தத் திருப்பத்தில் நின்று கேட்டாலும் பதில் வரும், பெரும்பாலும் கேட்டதைவிடக் கூடவே வரும்.

ஊர் சின்னது. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குமேல், ஒரு மலை முதுகின்மேல் ஏற்றி வைத்த கடைத்தெரு என்று சொல்லலாம். ரயில் பாதை அந்தத் தெருவை வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் ஊவாவின் மலைகள், மறுபக்கம் நிலம் அப்படியே கீழே விழுந்து தெற்குச் சமவெளியில் போய் நிற்கிறது. காலையில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்குள் தெற்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைக்கூட மறைத்துவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே எந்தப் பாதை நல்லது என்பதைவிட எத்தனை மணிக்கு நடக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக் காட்சியிடம். போகவேண்டிய பாதை ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை சுமார் 10 கிலோமீற்றர், விடியப் பஸ் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஏறுகிற சின்னப் பஸ். ஓட்டோக்காரர்கள் உச்சி வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்று பஸ் தரிப்பிடத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், நடக்கேலாது, சரியான ஏற்றம் என்று பயம் காட்டுவார்கள். தொழிற்சாலையிலிருந்து மேலே 7 கிலோமீற்றர் இருக்கும். பாதை நெடுகத் தேயிலைக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறுகிற ஒடுங்கிய வண்டிப் பாதைதான், பாறை பிடித்து ஏறுகிற வேலை எங்கேயும் கிடையாது. மெதுவாக ஏறினால் எவரும் ஏறலாம். முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் ஓட்டோவில் ஏறி நடந்து இறங்குவோம் என்று நினைப்பார்கள், அது தலைகீழான யோசனை. ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும், இறக்கத்தில்தான் முழங்கால் அடி வாங்கும். அவர்கள் நடந்து ஏறி ஓட்டோவில் இறங்குவது நல்லது.

தொழிற்சாலை 1890இல் கட்டியது. தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் மளிகைக் கடையில் தொடங்கிய ஆள், தரகர் கையில் காசு போகாமல் தேயிலையை நேரே தோட்டத்திலிருந்து தன் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டு இங்கே வந்து தோட்டங்களை வாங்கினார். அதற்கு இருபது வருடம் முன்னர், 1869இல், கோப்பிக்கு இலைத்துரு நோய் விழுந்து தோட்டக்காரர் பலர் நொடித்துப் போயிருந்தார்கள், காணி வாங்க அவருக்கு நல்ல நேரம். உள்ளே சுற்றிக் காட்டுவார்கள், கட்டணம் உண்டு. கொழுந்து வாட்டுகிற நீளத் தட்டுகள், உருட்டுகிற இயந்திரம், புளிக்க வைப்பது, சூட்டில் உலர்த்துவது, சல்லடையில் தரம் பிரிப்பது என்று எல்லாம் வரிசையாகப் பார்க்கலாம். எனக்கு அந்த வாட்டுகிற மாடியின் மணம் ஒன்றுக்காகவே கொடுத்த காசு சரி. ஆனால் ஏறும்போது உள்ளே போகாதீர்கள். நேரம் போய்விடும், பனி வந்துவிடும். இறங்கி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மேலே போகிற வண்டிப் பாதையை வெட்டிக்கொண்டு தோட்டத்து ஆட்கள் நடக்கிற குறுக்குப் பாதைகள் ஏராளம். கல்லில் படி வெட்டியது, சில இடத்தில் வெறும் மண். அந்தப் பாதைகளில்தான் இந்த நடையின் சுவை இருக்கிறது. லயன் வீடுகளின் பின்பக்கத்தால் போவீர்கள், பீலியில் தண்ணீர் விழுகிற இடத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருப்பார்கள், மரத்தடியில் சூலத்தோடு ஒரு சின்னக் கோயில் இருக்கும். இரண்டு பாதை பிரிகிற இடத்தில் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒருவரிடம், "அக்கா, மேல போறதுக்கு எந்தப் பக்கத்தால போகவேணும்?" என்று கேட்டோம். "ரோட்டுல போகாதீங்க தம்பி, அது சுத்திச் சுத்திப் போகும். இங்கிட்டு ஏறுங்க, கோயில் கிட்ட ரோட்டுக்கு வந்துரும்" என்றார். உண்மையாகவே வந்தது. ஆனால் அவர் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு தினம் ஏறுகிற குறுக்கு அது. நாங்கள் தண்ணீர்ப் போத்தலோடு ஏறியதற்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. குடாநாட்டில் பிறந்து சைக்கிள் ஓடிய காலுக்கு ஏற்றம் என்றால் என்னவென்றே தெரியாது.

உச்சி கிட்டத்தட்ட 1,970 மீற்றர். நுழைவுக் கட்டணம் ஒன்று வாங்குகிறார்கள். லிப்டன் கோப்பையோடு இருக்கிற சிலை ஒன்று வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் இருந்து படம் எடுக்க எப்போதும் ஆள் இருக்கும். சிலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காட்சியைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் எட்டு மணிக்கு முன்னர் மேலே நின்றால் மட்டும். அடுக்கடுக்காகத் தேயிலை இறங்கி, அதற்குக் கீழே காடு இறங்கி, அதற்கும் கீழே தட்டையான தேசம் விரிந்து, தூரத்தில் உடவளவைக் குளம் தகடுபோல வெயிலில் மின்னும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு வருகிற கூட்டம் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, "ஒண்டும் தெரியேல்லையே" என்று புலம்பிக்கொண்டு இறங்குகிறது. அவர்கள் போய் அந்த இடத்துக்குக் குறைந்த மதிப்பெண் போடுகிறார்கள், இடத்தில் பிழையில்லை. உச்சியில் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் சூடாகக் கிடைத்தது, சம்பலில் உறைப்பு எங்கள் ஊர் அளவுக்கே இருந்தது. மலசலகூடம் பற்றிப் பேசாமல் விடுகிறேன், தொழிற்சாலைப் பக்கத்திலேயே அலுவலை முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

ஆடி, ஆவணியில் போனால் மேலே காற்று ஆளைத் தள்ளும். எங்கள் பனையை ஆட்டுகிற அதே சோளகக் காலம்தான். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மத்திய மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வரும்போது ஈரமில்லாமல் வறண்டு வருகிறது. அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது, யூலையிலிருந்து செப்ரெம்பர் வரை பறிக்கிற கொழுந்துக்குச் சந்தையில் தனி மதிப்பு. தேயிலை வாங்குகிற எண்ணம் இருந்தால் அந்தப் பருவத்துத் தேயிலையா என்று கேட்டு வாங்குங்கள்.

இறங்கும்போது கொழுந்து நிறுக்கிற இடத்தில் கொஞ்சம் நின்றோம். தகரக் கூரைக்குக் கீழே தொங்கு தராசு, கணக்கெழுதுகிறவர் ஒருவர், வரிசையில் பெண்கள். ஒவ்வொருவராகச் சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறார்கள், முள் ஆடி ஆடி நிற்கிறது, நிற்கும்வரை சாக்குக்காரியின் கண் முள்ளைவிட்டு அசைவதில்லை. கணக்கெழுதுகிறவர் எண்ணை உரத்துச் சொல்கிறார், அதில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழித்துக்கொண்டு எழுதுகிறார். ஒரு வயதான அம்மா மட்டும், "நேத்தும் இதே மழைன்னுதான் கழிச்சீங்க, இன்னைக்கு எங்கங்க மழை?" என்று கேட்டார், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், எண் மாறவில்லை. நாட்கூலியை 1,000 ரூபாய்க்குக் கொண்டுவந்ததே 2021இல்தான், அதற்கு எத்தனை வருடம் கேட்டார்கள் என்பதைப் பத்திரிகை வாசிக்கிற எல்லாரும் அறிவோம். வரிசையில் நின்ற இன்னொருவர் நாங்கள் எங்கே என்று விசாரித்தார். யாழ்ப்பாணம் என்றதும், "எங்க பெரியப்பா மக்க எல்லாம் கிளிநொச்சிலதான் இருக்காங்க, எழுபத்தேழு கலவரத்துல போனவங்க. நீங்க அந்தப் பக்கம் போவீங்களா?" என்றார். வீட்டுக்கு வரும்போது கிளிநொச்சியைத் தாண்டித்தானே வருகிறோம். ஆனால் இப்படி ஒரு தொடர்பு அங்கே இருப்பதை வான் பிடித்துப் போயிருந்தால் கேட்டிருக்கமாட்டோம்.

இந்த இடத்தில் ஒரு முறைப்பாடு, தோட்டத்தின்மேல் அல்ல, போகிற எங்கள் ஆட்கள்மேல். கொழுந்து பறிக்கிறவர்களை வேலை நேரத்தில் மறித்து, கூடையை வாங்கித் தலையில் மாட்டிப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் இத்தனை கிலோ என்று ஒரு அளவு இருக்கிறது, நீங்கள் சிரித்து முடிக்கிற நேரத்துக்குள் ஒரு கைப்பிடி போகிறது. கேட்டு எடுங்கள், மாட்டோம் என்றால் விடுங்கள். அந்தப் பாதைகள் எங்களுக்காகப் போட்டவை அல்ல. கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெட்டி, மிதித்து, இப்போதும் வேலைக்குப் போகிற பாதைகள். 2023இல் அவர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்கள், வடக்கிலிருந்தும் சிலர் சேர்ந்து நடந்தார்கள்.

இரண்டாவது பாதை அடிஷாம் பங்களாப் பக்கம். ஊரிலிருந்து மேற்கே 3 கிலோமீற்றர், நல்ல வீதி. தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயத் துரை 1931இல் இங்கிலாந்து மாளிகை மாதிரிக் கல்லால் கட்டிய வீடு, இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா நாள், பாடசாலை விடுமுறை ஆகிய நாட்களில்தான் பார்வையாளர்களை விடுகிறார்கள், இது தெரியாமல் வார நாளில் போய்ப் படலையில் நிற்கிற கூட்டம் எப்போதும் உண்டு. உள்ளே பார்க்க அதிகமில்லை, துறவிகள் செய்து விற்கிற கொய்யா ஜெலியும் ஜாமும் வாங்கலாம், நல்லது. அதற்குப் பின்னால் தங்கமலைக் காடு தொடங்குகிறது, மலை முதுகோடு இதல்கஸ்ஹின்ன வரைக்கும் நடக்கலாம். நிழலும் குருவிச் சத்தமும் உள்ள பாதை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் தேயிலைக்குள் வெயிலில். முதுகின் ஒடுங்கிய இடங்களில் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும். காட்டுக்குள் வழி கேட்க ஆள் கிடையாது, அதனால் இதற்கு மட்டும் ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தங்குமிடத்தில் சொன்னால் ஒழுங்கு பண்ணித் தருவார்கள். விலையை முதலே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். எங்களோடு வந்தவர் போகும்போது ஒரு தொகை, வந்த பிறகு ஒரு தொகை என்று சொல்லி, கடைசியில் நடுவில் ஒரு தொகைக்கு இறங்கினார். ஆள் நல்லவர், காட்டைத் தெரிந்தவர், அட்டை எங்கே இருக்கும் என்பதுவரை தெரிந்தவர். கணக்கில் மட்டும்தான் கொஞ்சம் அப்படி.

அப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்னவுக்குத் தண்டவாளத்தில் நடந்து போகிறவர்கள் உண்டு, இணையத்தில் அதைப் பெரிய அனுபவமாக எழுதியிருப்பார்கள். நான் பரிந்துரைக்கமாட்டேன். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், சுரங்கங்கள் வேறு, வளைவில் ரயில் வருவது பனிக்குள் தெரியாது. அதே காட்சி காட்டுப் பாதையிலும் கிடைக்கிறது, ரயிலில் வாசலோரம் இருந்தாலும் கிடைக்கிறது.

தியலும நீர்வீழ்ச்சியையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது, கீழே வீதியிலிருந்தே பார்க்கலாம். மேலே தடாகங்களுக்கு ஏறுகிற பாதை மழை இல்லாத நாளில் சுகமானது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். பாறை வழுக்கும், மேலே எங்கேயோ பெய்கிற மழைக்குத் தடாகத்துத் தண்ணீர் சொல்லாமல் ஏறும். மலைச் சரிவு வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலையில் லயன்கள் மண்ணுக்குள் போன இடம் அங்கிருந்து அதிக தூரமில்லை. பதுளை மாவட்டத்துக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், விடுதிக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும். தை முதல் சித்திரை வரை நல்ல காலம். ஆனி தொடக்கம் ஆவணி வரையும் பரவாயில்லை, காற்றைத் தாங்கினால்.

எல்லவைப் பற்றியும் ஒரு வரி எழுதாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். சின்னச் சிவனொளிபாதம் சுலபமான ஏற்றம், பிள்ளைகளோடு போகலாம், பாதை நெடுகக் கடை. ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டுக் கட்டுமானம், இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியது, பார்க்கத்தான் வேண்டும். எல்லப் பாறைக்குப் போகிற வழியில் வேண்டுமென்றே பிழையான பாதையைக் காட்டிவிட்டு, பிறகு வழிகாட்ட வந்ததாகக் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கவனம். ஊர் முழுக்கப் பீட்சாக் கடையும் இரவுப் பாட்டும். எனக்கு ஒத்துவரவில்லை, இளம் பெடியளுக்கு ஒத்துவரும்.

பீக்கோ ட்ரெயில் என்று புதிதாக ஒரு நீளப் பாதை குறித்திருக்கிறார்கள், கண்டியில் தொடங்கி மலையைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டம். அப்புத்தளை வட்டாரத்தையும் தொட்டுப் போகிறது. பழைய தோட்டப் பாதைகளைத்தான் கோத்திருக்கிறார்கள். முழுவதும் நடக்க எங்களில் யாருக்கும் லீவு கிடைக்காது, ஒரு கட்டத்தை எடுத்து ஒரு நாளில் நடந்து பார்க்கலாம். கைபேசியில் அதன் வரைபடத்தை முதலே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சில வளைவுகளில் சிக்னல் கிடையாது.

கொண்டுபோக வேண்டியவை என்று பெரிய பட்டியல் வேண்டாம். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து, செருப்பு வேண்டவே வேண்டாம், கோயிலுக்குப் போகிற மாதிரிச் செருப்போடு வந்த ஒருவர் ஈர மண்ணில் சறுக்கி இறங்கியதைப் பார்த்தோம். மெல்லிய மழைக்கோட்டு. குளிருக்கு ஒரு சுவெற்றர், விடியக் காலையில் யாழ்ப்பாணத்து மார்கழி எல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும். அட்டைக்கு உப்பு. ஒரு துணியில் ஆனையிறவு உப்பை முடிந்து ஈரமாக்கி, காலுறைக்குமேல் ஒற்றிக்கொண்டு நடந்தால் அட்டை ஏறுவது குறையும். ஏறிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், முடிச்சை அதன்மேல் வைத்தால் தானாகச் சுருண்டு விழும். காட்டுப் பாதைக்கும் மழைக்குப் பிந்திய நாட்களுக்கும்தான் இது, வெயிலடிக்கிற தேயிலைப் பாதையில் அட்டைத் தொல்லை பெரிதாக இல்லை.

தங்குமிடம் எல்லா விலையிலும் உண்டு. நாங்கள் இருந்த இடத்தின் பெயரைச் சொல்லவில்லை, காட்சி அருமை, சுடுதண்ணி மட்டும் வெளிநாட்டுக்காரர் எழும்புகிற நேரத்துக்குத்தான் வந்தது. முன்பதிவு பண்ணும்போது காலைச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள், எப்படியும் ஐந்து மணிக்கே கிளம்பப் போகிறீர்கள். ஊரில் கடைத்தெருவிலேயே தோசை, இடியப்பம், சொதி எல்லாம் கிடைக்கிறது, சொதி எங்கள் வீட்டுச் சொதியைவிடத் தண்ணி, ஆனால் குளிருக்குச் சுடச்சுட இறங்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நல்ல கலகலப்பு, மரக்கறி பார்த்தால் வாங்காமல் வர மனம் வராது. ஆனால் அன்று தோட்டத்தில் வேலை இல்லை, மலையில் ஆளைக் காணமுடியாது. அதனால் சனிக்கிழமை நடந்துவிட்டு ஞாயிறு சந்தை பார்ப்பதுதான் சரியான ஒழுங்கு.

போகிற வழி: ரயில் விருப்பம் என்றால் கொழும்புவரை இறங்கத் தேவையில்லை, பொல்காவலையில் மாறிப் பதுளை ரயிலைப் பிடிக்கலாம், உங்கள் ரயில் அங்கே நிற்கிறதா என்று பார்த்துச் சீட்டு எடுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது, ஆகவே எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரிக்காமல் நம்பி இறங்கவேண்டாம். பஸ் என்றால் இரவு கண்டிக்குப் போய், விடிய நுவரெலியா, வெலிமடை வழியாக மாறி மாறிப் போகலாம், முதுகு நொந்தாலும் நம்பிக்கையான வழி. லிப்டன் சீட்டுக்குப் போகிற அன்று, தம்பேத்தன்னையில் இறங்கும்போதே திரும்பிப் போகிற பஸ்களின் நேரத்தைக் கொண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பஸ் போய்விட்டால் ஓட்டோக்காரர் சொல்வதுதான் விலை.